தன் கையே தனக்கு உதவி: கறுப்பினப் பழமைவாதமும் கறுப்பினத் தேசியவாதமும் சந்திக்கும் இடம் (கேள்வி பதில்)

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் மிகத் தீவிரமான வலதுசாரி என்று பெயரெடுத்த நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், கல்லூரி நாட்களில் தன் அறைச் சுவரில் கறுப்பினத் தேசியவாதத் தலைவர் மால்கம் எக்ஸின் படத்தை மாட்டி வைத்திருந்தவர். இதைக் கேட்டதும் பலர் "சரி, பிறகு மனம் மாறிவிட்டார் போல" என்று முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு சீக்கிரம் முடிகிற கதை இல்லை இது. இதைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் எனக்குச் சரியென்று படும் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

இரண்டும் நேரெதிர் அணிகள் இல்லையா?

வெளியே இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். கறுப்பினத் தேசியவாதி என்றதும் உயர்த்திய முட்டியும் ஆப்பிரிக்க உடையும் மனதில் வரும். கறுப்பினப் பழமைவாதி என்றதும், குடியரசுக் கட்சி மேடையில் கோட்டு சூட்டோடு நின்று "அரசு உதவி நம்மைக் கெடுக்கிறது" என்று பேசுகிறவர் நினைவுக்கு வருவார். ஆனால் இருவரையும் உட்காரவைத்து "உங்கள் மக்களுக்கு என்னதான் வேண்டும்?" என்று கேட்டால் பதிலில் பாதி ஒன்றாகவே இருக்கும். சொந்தக் கடை, சொந்தப் பள்ளி, கட்டுக்கோப்பான குடும்பம், ஒழுக்கம், வெள்ளையர் தயவில்லாத பிழைப்பு. தன் கையே தனக்கு உதவி என்று நாம் சொல்வோமே, அது இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசற்படி.

அந்தப் படிக்குக் கீழே ஓர் அவநம்பிக்கை இருக்கிறது. வெள்ளை அமெரிக்கா மனம் திருந்தும் என்று இரு தரப்புமே எதிர்பார்ப்பதில்லை. இன ஒருங்கிணைப்புக்குப் போராடியவர்கள் அதை எதிர்பார்த்தார்கள். சட்டமும் நீதிமன்றமும் மனச்சாட்சியும் சேர்ந்து என்றாவது ஒருநாள் மாற்றிவிடும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரே மூலையில் வந்து நிற்பதில் வியப்பில்லை.

தேசியம் என்றால் எந்தத் தேசம்?

அமெரிக்க தேசபக்தியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் வாழும் கறுப்பினத்தவர் தனியொரு மக்கள், தங்கள் தலைவிதியைத் தாங்களே தீர்மானிக்க வேண்டியவர்கள் என்பதுதான் இங்கே தேசியம். சிலர் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும் என்றார்கள், சிலர் அமெரிக்காவுக்குள்ளேயே தனி மாநிலம் கேட்டார்கள், சிலருக்குத் தங்கள் பேட்டையின் கடைகளும் பள்ளிகளும் தங்கள் கையில் இருந்தாலே போதும். பழமைவாதத்தோடு அதிகம் ஒட்டுவது இந்த மூன்றாவது வகை.

இந்தச் சந்திப்பு யாரிடம் தொடங்குகிறது?

புக்கர் டி. வாஷிங்டன் என்பதுதான் வழக்கமான பதில். அவருக்கும் முன்னால் ஒருவர் இருக்கிறார், அவரிடம் பிறகு வருகிறேன். ஆனால் வாஷிங்டனைத் தொடாமல் இந்த விஷயத்தில் ஓர் அடி நகர முடியாது.

1856-ல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1881-ல் அலபாமாவின் டஸ்கிகியில் ஒரு பள்ளியை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. முறையான கட்டடம் கிடையாது. மாணவர்களே செங்கல் அறுத்தார்கள். முதல் மூன்று சூளைகளும் வீணாயின. நான்காவதுக்குக் காசில்லாமல் தன் கடிகாரத்தை அடகு வைத்தார். அந்தச் சூளை வெந்தது. அப்புறம் அந்தச் செங்கலை வாங்க அக்கம்பக்கத்து வெள்ளையர்களும் வந்தார்கள். வாஷிங்டனின் அரசியல் முழுவதும் இந்தச் சூளைக்குள் இருக்கிறது என்பேன்: ஊருக்கு வேண்டியதைச் செய்து கொடுப்பவனை ஊர் என்றென்றும் ஒதுக்கி வைக்க முடியாது என்று அவர் நம்பினார். 1915-ல் அவர் இறந்தபோது டஸ்கிகியில் சுமார் 1,500 மாணவர்கள் படித்தார்கள். கற்பித்தவர்களும் நிர்வகித்தவர்களும் கறுப்பினத்தவர். தேசியவாதிகளின் கண்ணில் பட்டது இதுதான்.

1895-ல் அட்லாண்டா பொருட்காட்சியில் அவர் பேசிய பேச்சு இன்றுவரை உறுத்துகிறது. சமூக வாழ்வில் விரல்களைப் போலத் தனித்தனியாக இருப்போம், முன்னேற்றத்துக்கான காரியங்களில் ஒரே கையாக இருப்போம் என்றார். சம உரிமையை இப்போது வற்புறுத்த வேண்டாம் என்பதுதான் அதன் உட்பொருள். வெள்ளையர்கள் மகிழ்ந்துபோனார்கள். கறுப்பின அறிஞர் டியூ பாய்ஸ் 1903-ல் அந்தச் சமரசத்தைக் கடுமையாக விமர்சித்தார். ஆனால் அதே காலத்தில், அலபாமாவில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்த அரசியல் சட்டத்தை எதிர்த்த வழக்குக்கு ரகசியமாகப் பணம் கொடுத்ததும் வாஷிங்டன்தான். வெளியே பணிவு, உள்ளே சண்டை. அவரைத் துரோகி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுபவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

மார்கஸ் கார்வி வாஷிங்டனின் வாரிசு என்கிறார்களே, உண்மையா?

கார்வியே அப்படித்தான் நினைத்தார். 1887-ல் ஜமைக்காவின் செயின்ட் ஆன்ஸ் பே ஊரில் பிறந்தவர். லண்டனில் இருந்தபோது வாஷிங்டனின் தன்வரலாற்றைப் படித்தார். 1914-ல் கிங்ஸ்டனில் தன் சங்கத்தைத் தொடங்கியபோது, டஸ்கிகி போன்ற ஒரு கல்விச்சாலையை ஜமைக்காவில் எழுப்புவது அதன் திட்டங்களில் ஒன்று. வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. ஆனால் 1916 மார்ச்சில் கார்வி நியூயார்க்கில் வந்து இறங்கும்போது வாஷிங்டன் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இருவரும் சந்தித்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

நியூயார்க்கின் கறுப்பினப் பேட்டையான ஹார்லெமில் கார்வி எழுப்பிய இயக்கம், கறுப்பினத்தவர் அதுவரை கண்ட மக்கள் இயக்கங்களிலேயே மிகப் பெரியது. 1919-ல் பிளாக் ஸ்டார் லைன் என்ற கப்பல் நிறுவனம். பங்கு ஒன்று 5 டாலர். சமையல்காரர்களும் துணி வெளுப்பவர்களும் தங்கள் சேமிப்பைக் கொடுத்து வாங்கினார்கள். கூடவே மளிகைக் கடை, சலவையகம், உணவகம். 1920 ஆகஸ்டில் நடந்த மாநாட்டில் சிவப்பு, கறுப்பு, பச்சைக் கொடி பிறந்தது. தேசியவாதத்தின் அடையாளம் என்று இன்றும் உலகம் அறிந்த கொடி அது. ஆனால் அந்த இயக்கத்தின் அன்றாட வேலை பங்குப் பத்திரம், கடை, முதலீடு, லாபம்தான். கார்வி முதலாளித்துவத்தை எதிர்க்கவில்லை. கறுப்பினத்தவரும் முதலாளி ஆக வேண்டும் என்றார். கம்யூனிஸ்டுகளை அவர் நம்பவும் இல்லை.

கப்பல்கள் பழையவை, விலை கூடுதல், நிர்வாகம் மோசம். 1922-ல் நிறுவனம் படுத்தது. 1923-ல் தபால் மோசடி வழக்கில் தண்டனை, 1925-ல் அட்லாண்டா சிறை, 1927-ல் அதிபர் கூலிட்ஜ் தண்டனையைக் குறைத்ததும் நாடு கடத்தல். 2025 ஜனவரியில், பதவியின் கடைசி நேரத்தில், அதிபர் பைடன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். கார்வி 1940-லேயே லண்டனில் இறந்துவிட்டார்.

ஒரு சின்ன விவரம் சொல்லாமல் விட மனமில்லை. முதல் நிறுவனம் மூழ்கிய பிறகு கார்வியின் ஆட்கள் இன்னொரு கப்பலை வாங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் புக்கர் டி. வாஷிங்டன்.

நேஷன் ஆஃப் இஸ்லாமைப் பழமைவாத அமைப்பு என்று சொல்லலாமா?

வாழ்க்கைமுறையில், தாராளமாகச் சொல்லலாம். கறுப்பினத்தவருக்கான இந்த மத இயக்கம் 1930-ல் டெட்ராய்ட்டில் தொடங்கி எலைஜா முகம்மதின் தலைமையில் வளர்ந்தது. பன்றி இறைச்சி, மது, புகை, சூதாட்டம் எதுவும் கூடாது. ஆண்கள் சூட்டும் டையும், பெண்கள் உடல் மறைத்த உடையும். உனக்கு வேண்டியதை நீயே செய்துகொள் என்பது அவர்களுடைய முழக்கம். ரொட்டிக்கடை, உணவகம், பண்ணை, செய்தித்தாள், பெருவிலிருந்து மீன் இறக்குமதி என்று பெரிய வியாபாரமே நடத்தினார்கள். அரசு நிவாரணத்தில் வாழ்வதை இழுக்காகப் பார்த்தார்கள். எந்தப் பழமைவாதப் பேச்சாளரும் கனவு காணும் கட்டுப்பாடு அது.

ஆனால் வெள்ளையர்களைப் பிசாசு இனம் என்று போதித்ததையும், அமெரிக்காவிலிருந்து தனி நிலம் பிரித்துக் கேட்டதையும் எந்த அமெரிக்கப் பழமைவாதமும் ஏற்காது. யூதர்களுக்கு எதிராக அந்த அமைப்பு கக்கிய வெறுப்புக்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. அது தவறு, அவ்வளவுதான்.

1995 அக்டோபர் 16-ல் அந்த அமைப்பின் பிற்காலத் தலைவர் லூயிஸ் ஃபராகான் வாஷிங்டன் நகருக்கு ஆண்களை அழைத்துத் திரட்டிய பெரும் பேரணியும் இந்த வழியில் வந்ததுதான். அரசிடம் கோரிக்கை வைப்பதைவிட, "குடும்பத்துக்கு நாம் செய்யத் தவறியதற்குப் பிராயச்சித்தம்" என்பதே அதன் முதன்மைச் செய்தி. வந்த லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் ஃபராகானின் ஆட்கள் இல்லை. ஒரு குறையை ஒப்புக்கொண்டு வீடு திரும்ப வந்த சாதாரண அப்பாக்கள்.

மால்கம் எக்ஸை வலதுசாரிகள் சொந்தம் கொண்டாடுவது நியாயமா?

பாதி நியாயம். அவருடைய பெற்றோர் இருவரும் கார்வி இயக்கத்தினர். 1964 ஏப்ரலில் கிளீவ்லாந்தில் பேசும்போது, நம் பேட்டையின் அரசியலையும் பொருளாதாரத்தையும் நாமே நடத்த வேண்டும், வெளியாள் கடையில் போய்க் காசைக் கொட்டாதே என்றெல்லாம் சொன்னார். ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பேசினார். வெள்ளை லிபரல்களைச் சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பவர்கள் என்ற மாதிரி வர்ணித்தார். இவையெல்லாம் பழமைவாதிகளுக்கு இனிக்கும். ஆனால் அதே மனிதர் தன் கடைசி ஆண்டில் முதலாளித்துவத்தைச் சாடினார், ஆப்பிரிக்க விடுதலைப் போர்களோடு கைகோத்தார், அமெரிக்காவை ஐக்கிய நாடுகள் சபையில் நிறுத்த வேண்டும் என்றார். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பள்ளி ஒருங்கிணைப்பைக் கறுப்பினத்தவரே எதிர்த்தார்களா? ஏன்?

எதிர்த்தார்கள். நல்ல காரணத்தோடும் எதிர்த்தார்கள். 1954-ல் பிரவுன் தீர்ப்பு, பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்றது. மறு ஆண்டு எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் ஃபுளோரிடா செய்தித்தாள் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். அந்தத் தீர்ப்பு தன் இனத்தைக் கௌரவிக்கவில்லை, அவமதிக்கிறது என்றார். என் பக்கத்தில் உட்கார விரும்பாதவன் பக்கத்தில் நீதிமன்ற உத்தரவோடு போய் உட்கார்வதில் எனக்கு என்ன பெருமை என்பது அவருடைய கேள்வி. அவர் வளர்ந்த ஈட்டன்வில், கறுப்பினத்தவரே மேயரும் மன்றமுமாக 1887-ல் அமைத்துக்கொண்ட ஊர். தன் மக்கள் தங்களைத் தாங்களே ஆண்டதைச் சிறுமியாகப் பார்த்தவர். அந்தக் கடிதத்தின் வேர் அங்கேதான் என்று நினைக்கிறேன். அரசியலில் அவர் குடியரசுக் கட்சிப் பழமைவாதிகளை ஆதரித்தவர் என்பதும் உண்மை.

இன்னும் வியப்பு: வாஷிங்டனை எதிர்த்து எழுந்த அதே டியூ பாய்ஸ், 1934-ல், கறுப்பினத்தவர் தாமாகவே ஒன்றுகூடித் தனிப் பொருளாதாரக் கூட்டுறவுகளை அமைக்க வேண்டும் என்று எழுதினார். ஒருங்கிணைப்பைக் கொள்கையாகக் கொண்ட தன் சொந்தச் சங்கத்தோடு அதனால் முரண்பட்டு, அதன் பத்திரிகையை விட்டே வெளியேறினார்.

பிரவுன் தீர்ப்பு அமலானபோது நடந்ததும் இவர்களுடைய பயத்தை மெய்ப்பித்தது. தென் மாநிலங்களில் பள்ளிகளை இணைத்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள். ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலையிழந்தார்கள். தன் பெயரையும் தன் அம்மா பெயரையும் தெரிந்து வைத்திருந்த வாத்தியாரைப் பறிகொடுத்த குழந்தைக்குப் பதிலாகக் கிடைத்தது, தன்னை வேண்டாத வகுப்பறை. பிரிவினைச் சட்டம் ஒழிந்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஆனாலும் அந்தப் பள்ளிகளுக்காக யாரும் உரக்க அழவில்லை என்பது மனதை வருத்துகிறது.

கிளாரன்ஸ் தாமஸ் உண்மையிலேயே தேசியவாதியா, இல்லை பழைய நினைவா?

ஜார்ஜியாவின் பின் பாயின்ட் என்ற கடலோரக் குடியிருப்பில் 1948-ல் பிறந்தார். சவானாவில் தாத்தா மையர்ஸ் ஆண்டர்சன் வளர்த்தார். அதிகம் படிக்காதவர், வீடு வீடாக எரியெண்ணெய் விற்றுச் சொந்தக் காலில் நின்றவர். யாரிடமும் கை நீட்டாதே என்பது அந்த வீட்டின் சட்டம். தாமஸ் மாசசூசெட்ஸில் ஹோலி கிராஸ் கல்லூரிக்குப் போனபோது கறுப்பின மாணவர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். மால்கமின் பேச்சுகளைப் படித்தார், ஊர்வலம் போனார். தாத்தாவும் மால்கமும் சொன்னது அவருக்கு ஒன்றாகவே கேட்டிருக்க வேண்டும்.

யேல் சட்டக் கல்லூரியில் படித்து முடித்து வேலை தேடியபோது, இனச் சலுகையில் இடம் பெற்றவன் என்று நினைத்து நிறுவனங்கள் தன் பட்டத்தைத் தள்ளுபடி செய்ததாக உணர்ந்தார். சுருட்டுப் பெட்டியிலிருந்து உரித்த 15 சென்ட் விலைச்சீட்டை அந்தப் பட்டத்தின் சட்டகத்தில் ஒட்டிவைத்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். கல்விச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை அவர் எதிர்ப்பதற்கு, எல்லோரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற கொள்கை மட்டும் காரணமில்லை. வெள்ளை நிறுவனம் தன் நல்ல பெயருக்காகக் கறுப்பு முகங்களைப் பொறுக்குகிறது என்ற கசப்பும் இருக்கிறது. அந்தக் கசப்பு தேசியவாதியுடையது.

தீர்ப்புகளிலும் அது தெரியும். 1992-ல் மிசிசிப்பி பல்கலைக்கழகங்கள் பற்றிய வழக்கில், வரலாற்றுச் சிறப்புள்ள கறுப்பினக் கல்லூரிகளைக் காக்க வேண்டும் என்று தனியாக எழுதினார். தொடக்கத்திலேயே டியூ பாய்ஸை மேற்கோள் காட்டினார். 1995-ல் கான்சஸ் சிட்டி வழக்கு. நகரப் பள்ளிகளுக்கு வெள்ளை மாணவர்களை ஈர்க்கப் பெரும் பணம் செலவிட உத்தரவாகியிருந்தது. கறுப்பினத்தவர் அதிகமாக இருக்கும் எதுவும் தாழ்ந்ததாகத்தான் இருக்கும் என்று நீதிமன்றங்கள் எளிதில் எண்ணிக்கொள்வது தன்னை எப்போதும் வியக்க வைக்கிறது என்று அவர் எழுதினார். கையெழுத்தை மறைத்துவிட்டுக் கொடுத்தால் ஹார்லெம் தெருமுனைப் பேச்சு என்றே சொல்வோம்.

சரி, எங்கே பிரிகிறார்? அதிகாரத்தில். 1965-ல் அலபாமாவின் லவுண்ட்ஸ் மாவட்டத்தில் மக்கள்தொகையில் சுமார் 80 சதவீதம் கறுப்பினத்தவர். ஆண்டின் தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. கறுப்பு அதிகாரம் (பிளாக் பவர்) பேசிய இளைஞர்கள் அங்கே போய்க் கறுஞ்சிறுத்தைச் சின்னத்தோடு ஒரு கட்சி கட்டி, வாக்காளர்களைச் சேர்த்தார்கள். அந்த வேலைக்கு அரணாக இருந்தது வாக்குரிமைச் சட்டம். 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பகுதியைச் செயலிழக்க வைத்தபோது தாமஸ் அதை ஆதரித்தார், இன்னும் கூடுதலாக வெட்ட வேண்டும் என்றும் எழுதினார். தன் மக்களுக்குத் தன் பள்ளி வேண்டும், ஆனால் அந்தப் பள்ளிக்கு நிதி ஒதுக்கும் மன்றத்தில் அவர்கள் இடம் பிடிக்க உதவும் சட்டம் வேண்டாம் என்றால், நான் அதைப் பாதித் தேசியம் என்றே சொல்வேன்.

வெள்ளை வலதுசாரிகளோடு கைகோத்த தேசியவாதிகள் இருந்தார்களா?

இருந்தார்கள். நான் முன்னால் சொன்ன மனிதர் இங்கேதான் வருகிறார்: மார்ட்டின் டெலானி, கறுப்பினத் தேசியவாதத்தின் தந்தை என்று பலர் அழைப்பவர். 1850-ல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார், வெள்ளை மாணவர்களின் எதிர்ப்பால் வெளியேற்றப்பட்டார். குடியேற இடம் தேடி நைஜர் ஆற்றுப் பகுதிவரை போனார். உள்நாட்டுப் போரில் மேஜர் ஆனார். அப்படிப்பட்டவர் 1876-ல் தெற்குக் கரோலினா ஆளுநர் தேர்தலில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதி வேட் ஹாம்ப்டனை ஆதரித்தார். அப்போது கறுப்பினத்தவரின் கட்சியாக இருந்த குடியரசுக் கட்சியின் ஊழலில் வெறுத்துப்போய், நிலவுடைமையாளர்களோடு நேரடியாகப் பேசிக்கொள்ளலாம் என்று நம்பினார். ஹாம்ப்டன் வென்றார். போருக்குப் பிறகு கறுப்பினத்தவருக்கு உரிமைகள் கிடைத்திருந்த மறுசீரமைப்புக் காலம் முடிந்தது. இரண்டே ஆண்டுகளில் டெலானி லைபீரியாவுக்குக் கப்பல் அனுப்பும் முயற்சியில் இருந்தார்.

மிசிசிப்பியில் ஐசையா மான்ட்கோமரி 1887-ல் மவுண்ட் பாயூ என்ற கறுப்பின ஊரை நிறுவியவர். 1890-ல் மாநில அரசியல் சட்டத்தை இயற்றிய மன்றத்தில் ஒரே கறுப்பினப் பிரதிநிதியாக உட்கார்ந்து, தன் இனத்தின் வாக்குரிமையைப் பறிக்கும் பிரிவுக்கு ஆதரவாக வாக்களித்தார். ஊரைக் காப்பாற்றக் கொடுத்த விலை அது. 1922-ல் கார்வி அட்லாண்டாவில் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் தலைவர் ஒருவரைச் சந்தித்தார். அவர்களாவது மனதில் உள்ளதை வெளிப்படையாகச் சொல்கிறார்கள் என்பது அவருடைய வாதம். 1961-ல் நேஷன் ஆஃப் இஸ்லாம் கூட்டத்தில் அமெரிக்க நாஜிக் கட்சித் தலைவர் பார்வையாளராக வந்து அமர்ந்தார்.

பிரிந்திருப்போம் என்பதில் இரு பக்கமும் உடன்பட்டதால் வந்த சந்திப்புகள் இவை. ஒவ்வொரு தடவையும் வலுத்தவன் பக்கமே லாபம் போனது. கறுப்பினத்தவர் பிரிந்திருக்கக் கேட்டது மானத்துக்காக. எதிரே உட்கார்ந்தவன் கேட்டது வேறு எதற்கோ.

கையில் காசும் கடையும் இருந்தால் போதும், மற்றது தானாக வரும் என்ற வாதம் சரியா?

ஓக்லஹோமாவின் டுல்சா நகரத்து கிரீன்வுட் பேட்டைக்கு அதெல்லாம் இருந்தது. கடைகள், திரையரங்கு, மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், செய்தித்தாள். வாஷிங்டன் சொன்ன எல்லாவற்றையும் செய்து காட்டிய இடம். 1921 மே 31 இரவும் மறுநாளும் வெள்ளையர் கும்பல் அதைச் சாம்பலாக்கியது. 35 தெருத்தொகுதிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். இறந்தவர்கள் 300 பேர்வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தரவில்லை. காவல்துறையும் நகராட்சியும் கறுப்பினத்தவர் கையில் இல்லை.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மீண்டும் கட்டவிடாமல் நகராட்சி ஒரு கட்டட விதியைக் கொண்டுவந்தது. வழக்கறிஞர் பி. சி. ஃபிராங்க்ளின் கூடாரம் போட்டு அலுவலகம் நடத்தி, நீதிமன்றத்தில் அதை முறியடித்தார். மக்கள் திரும்பக் கட்டினார்கள். கொத்தனாரும் வேண்டியிருந்தது, வக்கீலும் வேண்டியிருந்தது.

நிக்சன் பேசிய கறுப்பு முதலாளித்துவம் என்ன ஆனது?

1968 தேர்தலில் நிக்சன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். கறுப்பு அதிகாரம் என்ற முழக்கத்தை வியாபாரம் பக்கம் திருப்பிவிடும் எண்ணம். 1969-ல் சிறுபான்மையினர் தொழில்களுக்கென ஓர் அரசு அலுவலகம் பிறந்தது. அதை நம்பி இறங்கியவர்களில் ஃபிளாய்ட் மெக்கிஸிக் முக்கியமானவர். கோர் என்ற உரிமை அமைப்பைக் கறுப்பு அதிகாரப் பாதைக்குத் திருப்பியவர். வட கரோலினாவின் வாரன் மாவட்டத்தில், பழைய தோட்ட நிலத்தில், சோல் சிட்டி என்ற புது நகரத்தைக் கட்டக் கிளம்பினார். 1972-ல் குடியரசுக் கட்சியில் சேர்ந்து நிக்சனை ஆதரித்தார், 1.4 கோடி டாலர் கடனுக்கு அரசு உத்தரவாதம் கிடைத்தது. அதே ஆண்டு செனட்டுக்கு வென்ற அதே கட்சியின் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் விடாமல் எதிர்த்தார். 1979-ல் அரசு கைகழுவியது. அங்கே எழுந்த தொழிற்கூடம் பிற்பாடு சிறைக்கைதிகள் வேலை செய்யும் ஆலையானது. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

எல்லாக் கறுப்பினப் பழமைவாதிகளும் இந்த வழியில் வருபவர்களா?

இல்லை. பொருளாதார அறிஞர் தாமஸ் சோவெல் நல்ல எதிர் உதாரணம். இளமையில் மார்க்சியர், பிறகு சந்தைப் பொருளாதாரத்தின் உறுதியான ஆதரவாளர். அவருடைய கணக்கில் அலகு தனிமனிதன். இனப் பெருமையை அரசியலாக்குவது அவருக்கு ஆகாது. ஆனாலும் ஓர் இடத்தில் அவரும் தேசியவாதிகள் பக்கம் உரசுகிறார். பிரிவினைக் காலத்தில் வாஷிங்டன் நகரின் டன்பர் உயர்நிலைப் பள்ளி, முழுக்கக் கறுப்பின மாணவர்களோடு, இரத்த வங்கித் துறையின் முன்னோடி சார்லஸ் ட்ரூ போன்றவர்களை உருவாக்கியதைச் சோவெல் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார். சிறப்பாகப் படிக்கப் பக்கத்தில் வெள்ளைக் குழந்தை தேவையில்லை என்பதுதான் அதன் பொருள்.

பெண்களின் இடம்?

இரு தரப்பும் மிக எளிதாக ஒத்துப்போகும் இடம் இது. எனக்கு மிகவும் சங்கடமான இடமும் இதுதான். ஆண் தலைமை தாங்குவான், பெண் வீட்டைக் காப்பாள் என்ற பாடம் இரண்டு பக்கமும் உண்டு. 1995 பேரணியில் ஆண்களுக்கு மட்டுமே அழைப்பு என்பதை கறுப்பினப் பெண்ணியவாதி ஏஞ்சலா டேவிஸ் போன்றவர்கள் அப்போதே கண்டித்தார்கள். ஆனால் கார்வி சிறையில் இருந்தபோது அந்த இயக்கத்தைத் தாங்கியவர்களில் முதன்மையானவர் அவர் மனைவி ஏமி ஜாக் கார்வி. இயக்கப் பத்திரிகையில் 1924 முதல் 1927 வரை பெண்கள் பக்கத்தை நடத்தினார். ஆண்கள் தயங்கி நின்றால் பெண்கள் முன்னே போய்விடுவோம் என்று அதில் எச்சரித்து எழுதினார்.

இவ்வளவு பொதுவாக இருந்தும் கறுப்பினத்தவர் ஏன் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிக்கிறார்கள்?

1964-ல் குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டர், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவர். அந்த முறிவு இன்னும் ஒட்டவில்லை. தேவாலயம், குடும்பம், தண்டனை பற்றியெல்லாம் பழமையான கருத்துள்ள பாட்டிகூட வாக்குச் சாவடியில், என் மக்களுக்கு எது நல்லது என்று பார்த்துத்தான் முத்திரை குத்துகிறார். அரசியல் அறிஞர் மைக்கேல் டாசன் இதைப் பிணைந்த விதி என்ற கருத்தால் விளக்கினார். கவனித்துப் பார்த்தால், அப்படி யோசிப்பதே ஒரு மெல்லிய தேசியம்தான்.

இந்தச் சந்திப்பு அண்மைக் காலத்தில் எங்கே சட்டமாக மாறியது?

விஸ்கான்சினின் மில்வாக்கி நகரில். பாலி வில்லியம்ஸ் அந்நகரத்து கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர், ஜனநாயகக் கட்சி. கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனின் அதிபர் தேர்தல் பிரசாரங்களில் வேலை செய்தவர். ஹோவர்ட் ஃபுல்லர் 1969-ல் வட கரோலினாவில் மால்கம் எக்ஸ் பெயரில் ஒரு பல்கலைக்கழகத்தையே நடத்திய தேசியவாதி. ஒருங்கிணைப்பு என்ற பெயரில் கறுப்பினப் பிள்ளைகளையே பேருந்தில் ஏற்றி ஊர் முழுக்க அலையவிட்டது இருவருக்கும் பொறுக்கவில்லை. 1980-களின் பிற்பகுதியில் தங்கள் பேட்டைக்குத் தனிப் பள்ளி மாவட்டம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. அப்புறம் பாலி வில்லியம்ஸ் வேறு வழி கண்டார்: ஏழைப் பெற்றோர் கையில் அரசுப் பணத்தைக் கொடு, தங்கள் பள்ளியை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். குடியரசுக் கட்சி ஆளுநர் டாமி தாம்சன் கைகொடுத்தார், பழமைவாத அறக்கட்டளைகள் துணைநின்றன. 1990-ல் நாட்டின் முதல் நவீனப் பள்ளி வவுச்சர் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வறுமைக்கோட்டின் 175 சதவீதத்துக்குள் வருமானம் உள்ள குடும்பங்களுக்கு மட்டும், நகர மாணவர்களில் 1 சதவீதத்துக்கு மேல் போகாமல்.

கூட்டாளிகளுக்கு அது தொடக்கம் மட்டும்தான். 1995-ல் மதப் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். பிறகு வருமான வரம்பே வேண்டாம் என்ற பேச்சு வந்தது. இது ஏழைப் பிள்ளைகளுக்காக வந்த திட்டம், வசதியுள்ளவர்களுக்குப் பணம் கொடுக்க வந்தது இல்லை என்று பாலி வில்லியம்ஸ் எதிர்த்தார். 2011-ல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் வரம்பை நீக்கக் கிளம்பியபோது, அப்படிச் செய்தால் இனி இதை ஆதரிக்க மாட்டேன் என்று ஃபுல்லர் வெளிப்படையாகச் சொன்னார். வரம்பு முழுக்கப் போகவில்லை. 300 சதவீதம்வரை உயர்ந்தது. பாலி வில்லியம்ஸ் அந்த ஆண்டு ஜனவரியோடு, முப்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்த சட்டமன்ற இருக்கையை விட்டுப் போயிருந்தார்.